பின்கழுத்தில் ஒரு விரல்

எங்கள் வீட்டு அல்பங்களில் நான் பெரும்பாலும் நேராகவே நிற்கிறேன். சில படங்களில் மட்டும் இடப்பக்கம் நிற்கும் என் மனைவியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உறவினர்களுக்கு அந்தச் சில படங்களின்மேல்தான் பிரியம்.

“அத்தான் இன்னும் அக்காவைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார்,” என்பாள் என் மனைவியின் தங்கை.

“ஓம், அந்தாளுக்கு வேறை என்ன வேலை?” என்பாள் மனைவி.

உண்மை வேறு. எனக்குக் கழுத்தில் டிஸ்டோனியா. தசைகள் என் அனுமதியின்றி இறுகித் தலையை இடப்பக்கம் திருப்பிவிடும். பலத்தால் அதை வெல்ல முடியாது. ஆனால் முகத்து நாடியிலோ பின்கழுத்திலோ ஒரு விரல் இலேசாகப் பட்டால் போதும், தலை நேராகும்; விரும்பினால் வலப்பக்கமும் திருப்பலாம். விரல் தள்ளுவதில்லை, மூளைக்கு ஒரு தகவல் மட்டும் தருகிறது என்றார் நரம்பியல் மருத்துவர். படமெடுக்கும்போது அந்த விரலை என் பின்கழுத்தில் யாரும் அறியாமல் வைப்பவள் மனைவி. சண்டை பிடித்த நாட்களில் வைக்கமாட்டாள். ஆக, உறவினர் மெச்சிய படங்கள் யாவும் எங்கள் சண்டைகளின் பதிவுகள்.

அவள் மாசியில் காலமானாள். ஒஸ்லோவில் மகளுக்கு ஆனியில் பிரசவம். துணைக்குப் போக இருந்தவளும் அவள்தான். இப்போது நான் போக வேண்டும். என் கடவுச்சீட்டோ காலாவதியாகியிருந்தது. புதியதற்குப் படமெடுக்க, நான் வசிக்கும் ஸ்காபரோவில் திருமணப் படங்கள் எடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். நாடியில் விரலை வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

“அங்கிள், கையை எடுங்கோ. கை தெரிஞ்சா படத்தைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்,” என்றார் கடைக்காரர்.

எடுத்தேன்.

“ஆரைப் பாக்கிறியள்? கமெரா இஞ்சை இருக்கு.”

நான்கு முறை முயன்றும் நான்கு படங்களிலும் என் இடக்காது காணாமற்போனது. நோயை விளக்கினேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, மேசை இலாச்சியிலிருந்து ஓர் இரும்புக் கிளிப்பை எடுத்தார்.

“மாப்பிள்ளைமாருக்குக் கோட் தொளதொளவெண்டு இருந்தா, பின்னால இதைத்தான் மாட்டுறனாங்கள். உங்கடை கொலரிலை போட்டுப் பாப்பமே?”

கிளிப்பின் குளிர்ந்த நுனி பின்கழுத்தில் பட்டது. தலை நேராகியது.

“அப்பிடியே இருங்கோ! ஐயோ, சிரிக்கக் கூடாது அங்கிள்!”

இத்தனை வருடம் அவள் செய்த வேலையை ஓர் இரும்புத் துண்டு செய்வதை அறிந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்ததால் வந்த சிரிப்பு. அடக்கிக்கொண்டேன். படம் சரியாக வந்தது.

கிளிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினேன். நாடிக்கு விரலைக் கொண்டுபோகவில்லை. தலை மெல்ல இடப்பக்கம், காலியாக இருந்த இருக்கையை நோக்கித் திரும்பியது. திரும்பட்டும் என்று விட்டேன். அன்று எங்களுக்குள் ஏதோ சண்டை என்று வைத்துக்கொண்டேன்.