சித்தப்பாவுக்கு வந்த முதல் அழைப்பு

என் சித்தப்பா இயேசுவைப் பற்றித் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிடார் வாசித்துப் பாடத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கேசட்டில் பாடினார், சிடியில் பாடினார், இப்போது யூடியூபில் பாடுகிறார். கிடாரும் பறையும் சேர்ந்த பாட்டு என்றால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சபைகளில் அவரைத்தான் சொல்வார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அவர் பாட்டும் ஒன்று ஓடும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். சித்தப்பாவுக்கு அதில் தனிப் பெருமை.

இதெல்லாம் முதல் வாரமே முடிந்துபோயிருக்க வேண்டியது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சித்தப்பாவின் பாட்டுக்குக் கோரஸ் பாடும் கோஷ்டிக்கு நான்தான் தலைவி. கோஷ்டியில் என்னைத் தவிர இரண்டு பெண்கள் இருந்தார்கள், இருவரும் என்னைவிடச் சின்னவர்கள், அதனால் என் தலைமைக்குப் போட்டி இல்லை.

சித்தப்பா அப்போது கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு இறக்கும் லாரியில் கிளீனர். விழுப்புரத்தில் யாரோ கழித்துவிட்ட பழைய கிடாரும் அவரோடு லாரியில் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரியாலூரில் கிழங்கு ஏற்றி முடிக்கும்வரை அதை வைத்துக்கொண்டு பழகுவார். அங்கே ஒரு கல்யாணத்தில் பறையடித்து ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தவர், அதன் பிறகு வேறு எதையும் பேசவில்லை. மலையில் மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் அடிக்கிறார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, என் பாட்டுக்கு அந்த அடிதான் வேண்டும் என்றார்.

என் அப்பா ஆலையில் சீசன் வேலை பார்த்தார், சபையில் செயலாளர். அவரைக் கேட்காமல் கோயிலுக்குள் ஒரு நாற்காலிகூட நகராது. தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே பேச்சில் முடித்தார்.

"கிடாரு அடிச்சிக்கோ, வேணான்னு சொல்லல. மேளம் மட்டும் கோயிலுக்குள்ள வரக்கூடாது."

ஏன் என்று நான் கேட்டேன். போய்ப் படி என்றார். காரணம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஊர்த்தெருவில் யார் செத்தாலும் எங்கள் தெரு ஆண்கள் போய்ப் பறையடிக்க வேண்டும். வர முடியாது என்று சொல்ல முடியாது. தாத்தா ஞானஸ்நானம் எடுத்த அன்று தன் பறையை அடுப்பில் வைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் யாரும் சாவுக்கு அடிக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்காக அவர் வாங்கிய அடிகளை அப்பா சிறுவனாக நின்று பார்த்திருக்கிறார். இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் யார் உட்கார்ந்து சொல்வார்கள்?

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்குக் கொண்டுவந்து வைக்கும் நாள். கரும்புக்கட்டு, பூசணிக்காய், கால் கட்டிய சேவல் என்று கோயில் சந்தைபோல இருந்தது. கரியாலூரிலிருந்து சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஒரு கோணிமூட்டையோடு வந்தார். மலையிலிருந்து கிழங்கு கொண்டுவந்திருக்கிறார் என்று அப்பாவே எழுந்துபோய் மூட்டைக்கு ஒரு கை கொடுத்தார். கிழங்கு இவ்வளவு லேசாக இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், பண்டிகைச் சந்தடியில் வரவில்லை.

பாட்டின் முதல் சரணம் கிடாரோடு போனது. இரண்டாவது சரணத்தில் மூட்டை அவிழ்ந்தது, உள்ளேயிருந்து பறை வந்தது. அந்த அடி என் வயிற்றுக்குள் விழுந்தது, கால் தானாகத் தாளம் போட்டது. இளைஞர்கள் கை தட்டினார்கள். பெரியவர்கள் சிலர் பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். காணிக்கைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவும் போனார். என் கோஷ்டியில் ஒருத்தி சுருதி விட்டதால்தான் போகிறார் என்று நினைத்து அவளை முறைத்தேன்.

வீட்டில் அப்பா யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும், இனி சித்தப்பா கோயிலில் பாடவே கூடாது என்று முடிவெடுப்பார்கள் என்று அம்மா ரகசியமாகச் சொன்னாள். சித்தப்பா கிடாரை உறையில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். பாடாத சித்தப்பாவை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் வாசலில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது ஊர்த்தெருவிலிருந்து ஓர் ஆள் வந்தார். அம்மா கரும்பு வெட்டப் போகும் பெரிய வீட்டின் ஆள் அவர். தெருவிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க சித்தப்பன் வூட்ல கீறானா? பெரியவரு பூட்டாரு. நேத்து கோயில்ல நல்லா அடிச்சாங்களாமே. அந்த செட்ட இட்டுக்கினு வரச் சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு பாட்டு பாடியிருக்கிறோம், அதற்குள் பெரிய வீட்டிலிருந்தே தேடி வந்துவிட்டார்கள். பின்கட்டுக்கு ஓடினேன்.

"சித்தப்பா, உன்ன ப்ரோக்ராமுக்குக் கூப்புட்றாங்க" என்றேன். கோரஸுக்கு நாங்களும் வரலாமா என்று சேர்த்துக் கேட்டேன்.

யார் கூப்பிடுகிறார்கள், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷனுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். நீ செய்த வேலையின் பலனைப் பார் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

துக்கத்துக்கு மாலை எடுத்துக்கொண்டு தானே வருவதாகவும், தம்பி அடிக்க வரமாட்டான் என்றும் அப்பா மரியாதையாகத்தான் சொன்னார். வந்தவருக்கு அது பிடிக்கவில்லை.

"கோயில்ல அடிக்கலாம், எங்க வூட்டாண்ட அடிச்சா ஆவாதா?"

"கோயில்ல அடிச்சது அவன் பாட்டுக்குங்க" என்றார் அப்பா. "இனிமேலும் அடிப்பான். எங்க அடிக்கணும்ன்றத அவன்தான் சொல்லணும், நீங்க இல்ல."

வந்தவர் அம்மாவின் பெயரைச் சொல்லி, அவள் யார் நிலத்தில் வேலை செய்கிறாள் என்பதை யோசித்துப் பேசச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா மாலை வாங்கிக்கொண்டு போனார், போன வேகத்திலேயே முகம் தொங்கிப்போய்த் திரும்பிவந்தார். மாலையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பாட்டும் இருக்கும், மேளமும் இருக்கும் என்று அப்பாவே எழுந்து சொன்னார். எதிர்த்த பெரியவர்களிடம் வாதாடிக் களைத்து, கடைசியில் சம்மதம் வாங்கினார். சித்தப்பா அன்று கிடாரை உறையிலிருந்து எடுத்துப் பாடினார். எனக்கு அந்தப் பாட்டில் மனமே ஒட்டவில்லை. பெரிய வீட்டு ப்ரோக்ராமைக் கெடுத்துவிட்டு இப்போது வந்து நல்ல பேர் வாங்குகிறாரே என்று அப்பா மீது அவ்வளவு கோபம். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி அழுதேன்.

அந்த வாரத்திலிருந்து அம்மா பெரிய வீட்டு நிலத்துக்குப் போகவில்லை. இருட்டோடு எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி எங்கோ கரும்பு வெட்டப் போனாள். பக்கத்திலேயே வேலை இருக்க ஏன் அவ்வளவு தூரம் போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க நெழலு ஜாஸ்தி பாப்பா" என்றாள்.

வெட்டுகிற கரும்புக்கொல்லையில் நிழல் எங்கிருந்து வரும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவுக்கு மட்டும் நல்ல இடமாகக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.