ஹில்க்காவின் படகுத் தொட்டி

குய்கா ஏரிக்கு அக்கரையில் பிறந்தவள் ஹில்க்கா. ரிஸ்ஸனன் வீட்டின் கடைக்குட்டி. இக்கரையில் திர்க்கோனன் வீட்டு மூத்தவன் தைஸ்தோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். தைஸ்தோவுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை, இவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில். ஊரில் பாதிப் பேர் இவள் ஊற்றிய பட்டாணிக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில், வைக்கோல் கொட்டகையில் வைத்து அந்தப் படகைக் கட்டினார்கள். தைஸ்தோ கட்டியது என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் பலகையோடு பலகை சேர்த்து ஆணி அடிக்க ஒரு ஆளால் ஆகாது. வெளியிலிருந்து ஒருவர் அடிக்கும்போது, உள்ளேயிருந்து ஒருவர் கனத்த இரும்பைக் கொடுத்துத் தாங்க வேண்டும். தாங்கியவள் ஹில்க்கா. மகள் சைலா அப்போது வயிற்றில். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே இருந்து உதைப்பாளாம்.

இரண்டு கோடைக்கு முன், விறகு பிளந்துகொண்டிருந்த தைஸ்தோ கட்டைமேல் உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதன்பின் படகு கரையில் கவிழ்ந்தபடியே கிடந்தது. ஹில்க்காவின் வலது தோளுக்குத் துடுப்பு வலிக்கத் தெம்பில்லை. கஞ்சி அண்டாவைத் தூக்கித் தூக்கித் தேய்ந்துபோன தோள் அது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கோடை தண்ணீர் தொடாத படகை, மூன்றாம் கோடையில் நடுக்கோடைத் திருநாளன்று கரையில் மூட்டும் நெருப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். கரையில் மக்கவிடுவது கட்டியவனுக்கு இழுக்கு. நெருப்பு அடுக்குகிற பொறுப்பு தைஸ்தோவின் தம்பி ரைமோவுடையது. ஏரியில் பனி உடைந்த வாரமே அவன் ஹில்க்கா வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்துவிட்டான். வாரக் கடைசிக்குக் குவோப்பியோ நகரத்திலிருந்து சைலாவும் வந்திருந்தாள்.

"அண்ணி, படகு விஷயம் என்ன சொல்றீங்க?"

"அது இந்த வருஷம் தண்ணியில இருக்கும்."

"யாரு வலிக்கிறது? உங்க தோளா, என் முதுகா? ரெண்டையும் சேத்தாலும் ஒரு ஆள் தேறாது."

ஹில்க்கா அவன் கோப்பையை நிரப்பினாள்.

சைலாவுக்கு வேறு கவலை. அம்மா சமைப்பதில்லை, ரொட்டியைக் காப்பியில் நனைத்தே நாளைத் தள்ளுகிறாள். அதற்காகத்தான் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலில் அக்வாபோனிக்ஸ் வைக்கலாம் என்று குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே தொட்டியில் மீன், மேலே தட்டில் கீரை. மீன் கழிவுத் தண்ணீர் செடிக்கு உரமாகும், செடி வடிகட்டிய தண்ணீர் மீனுக்கே திரும்பும். பம்பும் குழாயும் வாங்கியாகிவிட்டது. தொட்டிதான் முடிவாகவில்லை.

"இரும்புக் கூண்டு போட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணு கிடைக்குதும்மா. பழச்சாறு வச்சிருந்தது. கழுவினா போதும்."

"பாக்க நல்லா இருக்காது."

"சரி, மாட்டுத் தொட்டி? வேண்டாம், அது துத்தநாகம் பூசினது. மீனுக்கு விஷம்."

"ஏன், படகு இருக்கே."

ரைமோ கோப்பையைக் கீழே வைத்தான். "படகுல மீன் பிடிக்கிறவங்களப் பாத்திருக்கேன் அண்ணி. படகுல மீனைக் குடிவைக்கிறத இப்பத்தான் கேக்குறேன்."

"தண்ணி வெளிய இருந்தா என்ன, உள்ள இருந்தா என்ன? தண்ணியில இருக்குற படகை நீ எரிக்க முடியாதில்ல?"

அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அவள் மீனுக்காகத் தொட்டி தேடவில்லை. படகுக்காகத் தொட்டி தேடுகிறாள். சைலா பிளாஸ்டிக் தொட்டிப் பேச்சை விட்டுவிட்டு, மறுநாள் ஊருக்குத் திரும்பினாள்.

ரைமோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தான். வெளித் தண்ணீரைத் தாங்கத்தான் படகு கட்டியிருக்கிறது, உள்தண்ணீர் பலகையைப் பிதுக்கிவிடும் என்று சொல்லி, குடிலுக்குள் மணல் கொட்டி, அதில் படகைப் பாதிவரை புதைத்து நிறுத்தினான். "எங்க அண்ணன் இத பாத்தா சிரிப்பாரு" என்றான். "சிரிக்கட்டும்" என்றாள் ஹில்க்கா.

அவன் போனபின் அவள் பைன் மரத் தார் டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் தைஸ்தோ வெளிப்பக்கம், அவள் உள்பக்கம். அதுதான் அவர்கள் வழக்கம். தார் பூசாமல் படகைத் தண்ணீருக்கு விடுகிறவன் அந்த ஏரிக்கரையில் கிடையாது. இடது கையால், இண்டு இடுக்கு விடாமல், இரண்டு தடவை பூசினாள். காய்ந்த வாசனை வீடுவரை வந்தது. அன்றைக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டாள்.

தண்ணீர் விட்டதும் படகு அழுதது. இரண்டு கோடை உலர்ந்த பலகை. ஒவ்வொரு இடுக்கிலும் ஒழுகியது. விட்டுக்கொண்டே இருந்தாள். சில நாளில் மரம் ஊறி உப்பி, ஒழுகல் நின்றது. கரையோரத்தில் கூண்டு வைத்துப் பெர்ச் மீன்களைப் பிடித்து உள்ளே விட்டாள். மேல்தட்டில் சதகுப்பையும் வெங்காயத்தாளும் விதைத்தாள். காலையில் காப்பியோடு குடிலுக்குப் போனால் மதியம் வரை அங்கேதான். மீன்கள் படகின் முன்மூக்குக்குள் ஒதுங்கி நிற்கும். புழுவைப் போட்டால் வரிகள் மின்ன ஓடிவரும். சைலா போன் செய்தபோது, "உங்கப்பா உக்கார்ற பலகைக்குக் கீழதான் அதுங்களுக்கு இஷ்டம்" என்றாள்.

ஜூனில் வெயில் ஏறியது. குடிலுக்குள் மூச்சு முட்டியது. தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஹில்க்கா வாளி வாளியாக ஏரித் தண்ணீர் மாற்றினாள், இடது கையாலேயே. அடுத்த நாள் காலை பாதி மீன் வயிறு மேலாக மிதந்தது. மறுநாள் மீதியும்.

சைலா வந்து குடில் கதவைத் திறந்ததும் தார் வாடை முகத்தில் அடித்தது.

"அம்மா, தார் பூசினியா?"

"பூசாம படகுல தண்ணி விடுவாங்களா?"

"சூட்டுல அது தண்ணியில கலந்திருக்கும்மா. மீனுக்கு ஆகாது."

"தார் மருந்துடி. சவுனா ஆவிக்குளியலும் சாராயமும் தாரும் தீர்க்காத நோய் சாவுலதான் தீரும்னு சொல்லியே வளந்தோம். உனக்கு இருமல்னா என்ன குடுத்தேன்?"

சுரண்டி எடுக்கலாமா என்று ஹில்க்கா ஒரு கத்தியைக் கொண்டுவந்தாள். சுரண்டச் சுரண்டக் கறுப்புதான் வந்தது. அவர்கள் இருவரும் வருஷா வருஷம் பூசியது முழுக்க மரத்துக்குள் இறங்கியிருந்தது. தார் போக வேண்டுமென்றால் பலகையே போக வேண்டும். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, மீன்களைப் பெர்ரிப் புதருக்கடியில் புதைத்தாள்.

ரைமோ விஷயம் கேள்விப்பட்டு வந்தான். கேலி ஒன்றும் பேசவில்லை.

"இன்னொரு வருஷம் கிடக்கட்டும் அண்ணி. ஊரு ஒண்ணும் சொல்லாது. சொன்னா நான் பாத்துக்குறேன்."

"எதுக்கு? அடுத்த வருஷம் மட்டும் யாரு வலிக்கப் போறா?" அவள் படகின் விளிம்பைத் தடவினாள். "மக்கவிட்டா உங்க அண்ணனுக்குத்தான் கெட்ட பேரு. எடுத்துட்டுப் போ."

திருநாள் மாலை ஊரே கரையில் கூடியிருந்தது. ஹில்க்காவும் போய், பின்வரிசையில் நின்றாள். விறகு அடுக்கின்மேல் படகை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பழைய படகுகள் புகைந்து புகைந்துதான் பற்றும். வெயிலில் உலர்ந்திருந்த இது, தீ தொட்டதும் ஒரே மூச்சில் எழுந்தது. மக்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். இப்படி ஒரு படகு எரிந்து பார்த்ததில்லை என்று யாரோ சொன்னார்கள். ரைமோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணியிடம் வந்தான். புகையிலோ எதிலோ அவன் கண் சிவந்திருந்தது.

"நல்லா பூசியிருக்கீங்க அண்ணி."

"ரெண்டு தடவ" என்றாள் ஹில்க்கா.

அடுத்த வாரம் சைலாவும் அவள் புருஷனும் பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வெயில் படும் இடமா, நிழலா, குழாய் எந்தப் பக்கம் என்று சைலா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஹில்க்கா குடில் வாசலில் நின்று, படகு அழுந்திய மணல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வேணாலும் வைம்மா" என்றாள். "எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."