இடது பக்கத்தை மட்டும் அளந்தேன்

அந்தக் காரின் மரச்சட்டத்தில் மொத்தம் அறுபத்தெட்டுத் துண்டுகள் இருந்தன. பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, படம் எடுத்து, நோட்டில் எழுதினேன். இடது பக்கத் துண்டுகளுக்கு 'இ', வலது பக்கத்துக்கு 'வ'. வ-17 என்றால் வலது பக்க நடுத்தூணின் கீழ்ப்பாதி. இவ்வளவு ஒழுங்காக ஆரம்பித்த வேலையில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

நான் படித்தது ஆட்டோமொபைல். வேலை பார்த்தது, குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், பழைய கார்களுக்குப் பாடி வேலை செய்யும் ஒரு பட்டறையில். முன்பு தேயிலைப் பெட்டி அடுக்கி வைத்த கிடங்கு அது. மழை நாளில் சுவரெல்லாம் வியர்க்கும். பட்டறையை நடத்தியவர் கரூரில் பஸ் பாடி கட்டும் இடங்களில் பல வருஷம் தகடு தட்டும் டிங்கராக இருந்தவர். ஊரே அவரைப் பாய் என்றது, நான் அண்ணா என்றேன். மரவேலைக்கு ஓவேலியிலிருந்து வந்து பட்டறையிலேயே தங்கியிருந்தார் ஒரு தச்சர். ஆட்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

கார், எஸ்டேட் துரை ஒருவருக்காகக் கப்பலில் வந்தது. முன்பக்கம் இரும்பு. கதவுகளும் பின்பாதியும் மரச்சட்டம், அதன்மேல் கையால் தட்டி வளைத்த தகடு. எஸ்டேட் கைமாறியபோது, புதிதாக வந்தவர்கள் அந்தக் காரை அதன் டிரைவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் அதைத் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தினார். கூரையின் ஓரத்திலிருந்து பல வருஷங்களாக வலது பக்கத்தில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. எங்களிடம் வந்தபோது வலது பக்கத்து மரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது. விரலை வைத்தால் உள்ளே போனது.

முதல் நாளே டிரைவரய்யா எங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவருக்குக் கண் நரம்பில் கோளாறு. நேராகப் பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. அந்தப் பார்வையும் சுருங்கிக்கொண்டே வருகிறது, அடுத்த மழைக்காலத்துக்குள் மீதியும் போய்விடும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். ரோட்டில் வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

"ரோட்டுக்குப் போகலீங்க. எஸ்டேட்டுக்குள்ள ஒரு சுத்து. முப்பது வருஷம் இந்த வண்டிய ஓட்டுனேன் கண்ணு, ஒரு நாளாச்சும் என்ற இஷ்டத்துக்கு ஓட்டுனதில்லை. பொறத்தால ஒருத்தரு உக்காந்து, அங்க நிறுத்து இங்க நிறுத்துன்னு சொல்லிட்டே இருப்பாரு. யாரும் சொல்லாம ஒரு தடவை ஓட்டோணும். அவ்வளவுதானுங்க."

"சித்திரைக்குள்ள முடிச்சுடலாங்க ஐயா" என்றேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

இன்ஜின் வேலை கோயம்புத்தூரில் முடிந்து வந்தது. பாடி எங்கள் பொறுப்பு. இடது பக்க மரம் முழுசாக இருந்தது. ஒவ்வொரு துண்டையும் அளந்து கம்ப்யூட்டரில் வரைந்தேன். வலது பக்கத்துக்கு அந்தப் படத்தையே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒன்றுதானே. மக்கிய துண்டுகளோடு மல்லுக்கட்டும் வேலை தப்பியது என்று அன்று சீக்கிரமே பஸ் ஏறினேன்.

தையில் உறைபனி விழுந்தது. பட்டறைக்குப் பின்னால் தச்சர் டிரம்மில் வெந்நீர் காயவைப்பார். ஒரு காலையில் விறகு தீர்ந்துபோய், கையில் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த 'வ' மூட்டை இனி வேணுமா, இன்ஜினியரம்மா?"

"வேண்டாங்க. இடது பக்கம் இருக்கே. திருப்பிப் போட்டா வலது பக்கம்."

"ஒருக்கா யோசிச்சுச் சொல்லு. நம்பரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கே."

"படம் எடுத்தாச்சு. எரிங்க."

எரித்தார். ஈர மரம், புகைதான் நிறைய வந்தது. அந்த வெந்நீரில் நானும் கை கழுவினேன்.

மாசியில் புது மரத்தை அறுத்து, என் படத்தின்படி வலது பக்கச் சட்டத்தைக் கட்டி முடித்தார் தச்சர். நல்ல வேலை. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், ஒரு இடத்திலும் குறை இல்லை. பங்குனி பிறந்து இரண்டாம் நாள், துரு எடுத்துச் சுத்தம் செய்த பழைய தகட்டை நானும் அண்ணாவும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிவந்து சட்டத்தின்மேல் வைத்தோம்.

உட்காரவில்லை. ஜன்னலுக்குக் கீழே தகடு மரத்தில் முட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு விரல் போகும் அளவுக்கு இடைவெளி. இறக்கினோம், திரும்ப ஏற்றினோம். தகடு நெளிந்திருக்கும் என்றேன். அண்ணா ஒரு நூலை எடுத்து, இடது பக்கத் தகட்டை மேலிருந்து கீழாக அளந்து முடிச்சுப் போட்டார். அதே நூலை வலது பக்கத் தகட்டில் வைத்தார். முடிச்சு முக்கால் அங்குலம் தள்ளி விழுந்தது.

"இந்தப் பக்கத்தை ஒருத்தன் கட்டியிருப்பான், அந்தப் பக்கத்தை இன்னொருத்தன் கட்டியிருப்பான்" என்றார். "கரூர்ல நாங்க பஸ் கட்டுறப்பவும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்த பஸ்ஸை நான் பாத்ததே இல்லை. சீமைக்காரனும் மனுஷந்தானே."

"நீங்க சொல்லவே இல்லையேண்ணா."

"நீ கேக்கவே இல்லையேம்மா. லேப்டாப்பத் தொறந்து வெச்சிருந்த. சரி, படிச்ச புள்ள, பாத்துக்கும்னு இருந்துட்டேன்."

மக்கிய துண்டுகள் இருந்திருந்தால் நீளங்களாவது கிடைத்திருக்கும். அவை இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. படங்கள் இருந்தன. ஆனால் நான் எடுத்த படங்களில் பக்கத்தில் ஓர் அளவுகோல்கூட இல்லை.

அன்று மதியம் மூன்று பேரும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இடிக்கும் இடத்தில் மரத்தைச் சீவிவிட்டு, இடைவெளியில் மரச்சக்கை வைத்து அடைத்து, தகட்டின் மேல் பட்டி பூசித் தேய்ப்பது. மூன்று வாரத்தில் பெயின்ட் வரை முடிந்துவிடும். பார்த்தால் தெரியாது. ஆனால் இந்த ஊர் ஈரத்துக்கு அவ்வளவு கனமான பட்டி இரண்டு மழைகூடத் தாங்காது. பாளம் பாளமாக விழும், சீவிய தூணும் சீக்கிரமே விட்டுப்போகும். இன்னொன்று, கட்டியதைப் பிரித்துவிட்டு, தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் உட்புறத்துக்கு அட்டை வெட்டி ஒவ்வொரு துண்டாகப் புதிதாகச் செய்வது. அதற்கு ஆவணி ஆகிவிடும்.

"பட்டி போடலாம்" என்றார் தச்சர். "அவருக்குத்தான் கண்ணு தெரியாதே. பின்னே யாரு பாக்கப் போறா?"

தச்சர் கெட்டவர் இல்லை. அவர் கட்டிய நல்ல சட்டத்தை அவரே பிரிக்க வேண்டும், அதுவும் என் தப்புக்காக. அண்ணா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "பட்டி போட்டா அவரு ஓட்டுவாரு. ஒழுங்காப் பண்ணுனா ஓட்ட மாட்டாரு. ரெண்டுல ஒண்ணு. நீயே போய் அவருகிட்டக் கேட்டுட்டு வா."

மறுநாள் எஸ்டேட் பஸ்ஸில் போனேன். உட்கார இடம் இல்லை. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தினேன். முதலில் தப்பு என்னுடையது. பிறகு முக்கால் அங்குலம், அதன்பின் இரண்டு வழிகள், இரண்டிலும் உள்ள கெடுதி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவரய்யா வாசலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைத் தலையை முழுதாகத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அந்த அளவுக்குத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். மூட்டையை எரிக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் நாரை உரித்து ஒரு பக்கமாகப் போட்டபடியே கேட்டார்.

"அந்தப் பக்கத்துக் கதவு எப்பவுமே ஒரு தினுசாத்தாங் கண்ணு சாத்தும். நானு வண்டிக்கு வயசாச்சுன்னு நெனச்சிருந்தேன். பொறந்ததே அப்படித்தானாட்டிருக்குது."

"மன்னிச்சுக்கங்க ஐயா."

"மன்னிச்சா மரம் திரும்ப வந்துருமா? அத உடு. இஞ்சினு ஓடுதா?"

"ஓடுதுங்க."

"பிரேக்கு?"

"புதுசா மாத்தியாச்சுங்க. ஸ்டீயரிங்கும் பாத்தாச்சு."

"அப்பறம் கதவு எதுக்கு?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் பீன்ஸ் தட்டைக் கீழே வைத்தார்.

"பட்டி கிட்டி போட்டு ஏமாத்த வேண்டாம், அந்த வண்டி ஆரையும் ஏமாத்துனதில்லை. ஆவணி வரைக்கும் என்ற கண்ணு நிக்காது. வலப்பக்கம் இல்லாமயே கொண்டாங்க. காத்து நல்லா வரும்."

பட்டறைக்குத் திரும்பி அதைச் சொன்னபோது தச்சர் சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. "கூரையைத் தாங்க வலது பக்கம் ஏதாச்சும் வேணுமே" என்று எழுந்து, குழாய் கிடக்கும் மூலைக்குப் போனார்.

நோட்டில் அந்தக் காருக்கு இன்னும் நாற்பத்தோரு வேலைகள் பாக்கி இருந்தன. ஒரு சுற்று ஓடுவதற்குக் கட்டாயம் வேண்டியவை எவை என்று அடித்து அடித்துப் பார்த்ததில் ஆறு மிஞ்சின. கூரைக்கு இரும்புக் குழாய் முட்டு, சீட்டுக்கு போல்ட், சேசிஸோடு சேர்த்து இடுப்பு பெல்ட், டயர் காற்று, கைபிரேக், ஹாரன். ஹாரன் தேவையா என்று தச்சர் கேட்டார். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் குறுக்கே வருவார்கள் என்றேன். எஸ்டேட் ஆபீசில் அனுமதி கேட்டோம். கொழுந்து எடுக்காத ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம் என்றார்கள். வேலைகளை முடிக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் வீட்டில் சாப்பிட்டதும் படுத்ததும் நினைவில் இல்லை.

ஞாயிறு காலை காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் எஸ்டேட் வாசலில் இறக்கினோம். பெயின்ட் இல்லாத தகடு இடது பக்கம். வலது பக்கச் சட்டத்தை முழுசாகக் கழற்றிப் பட்டறையிலேயே வைத்திருந்தோம், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. தரை, சீட், ஸ்டீயரிங், குழாய் முட்டு எல்லாம் வெளியில் தெரிந்தன. டிரைவரய்யா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பழக்கத்தில் கதவுப்பிடி இருக்க வேண்டிய இடத்துக்குக் கை போனது. பிறகு குனிந்து ஏறி உட்கார்ந்தார்.

ஆட்கள் குறுக்கே வராமல் பார்க்க அண்ணா பைக்கில் முன்னால் போனார். நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாத ஓரங்களை நான் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"வலது பக்கம் தண்ணி போற கானுங்க, ஒரு முழம் இருக்கு. இடது பக்கம் செடி."

வண்டி கிளம்பியது. முதல் வளைவு வரை சொல்லிக்கொண்டே வந்தேன். வலதில் கல், இடதில் மைல்கல், வலதில் பள்ளம். இரண்டாவது வளைவில் அவர் கியரைக் குறைத்தார்.

"கண்ணு."

"சொல்லுங்க ஐயா."

"அப்ப துரை பொறத்தால இருந்து சொல்லிட்டு வந்தாரு, இப்ப நீயி பக்கத்துல இருந்து சொல்லீட்டு வர்ற."

வாயை மூடிக்கொண்டேன். ஒரு கையைக் கைபிரேக்கின் மேல் வைத்திருந்தேன், அதை அவர் பார்த்திருக்க முடியாது. வளைவுகளை அவர் கண்ணால் எடுக்கவில்லை. வளைவு வருவதற்கு முன்பே கை திரும்பியது. ஃபாக்டரி வாசலில் வண்டி தானாக மெதுவானது. துரை இறங்குகிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் ஒரு கணம் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தார், பிறகு ஆக்சிலேட்டரை மிதித்து வாசலைக் கடந்து போனார். மேட்டில் இன்ஜின் நன்றாக இழுத்தது. திறந்த பக்கத்தில் காற்று அடித்து அவர் சட்டை காலர் படபடத்தது.

எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் பாதை பிரியும் இடத்தில் அவரே நிறுத்திக் கைபிரேக்கைப் போட்டார். நான் என் கையை எடுத்துக்கொண்டேன். கீழே மூடுபனி ஏறிவந்துகொண்டிருந்தது. அவர் தலையை இடதும் வலதுமாக முழுதாகத் திருப்பிப் பார்த்தார்.

"போதுங்க" என்றார். "இனி இறக்கம். இறக்கத்துல கானு தெரியறதில்லை. நீ ஓட்டு."

இடம் மாறி உட்கார்ந்தோம். எஸ்டேட் வாசல் வரை நான் ஓட்டினேன். வாசலில் இறங்கி, அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், என் பக்கம் திரும்பினார்.

"மிச்சத்த மெதுவாப் பண்ணுங்க. இனி அவசரமில்லை."

வேறு எந்த வேலையிலும் அவசரமில்லை என்ற வார்த்தை நிம்மதியாக இருந்திருக்கும், இதில் அப்படி இல்லை. திங்கட்கிழமை தச்சர் வலது பக்கச் சட்டத்தில் தான் கட்டிய இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நானும் அண்ணாவும் தகட்டை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். நான் அதற்குள் தலையை விட்டு, நடுத்தூணுக்கான முதல் அட்டையை வெட்ட ஆரம்பித்தேன்.