ஒரு நூல் பெரிய மூடி

துக்க வீட்டில் முதல் வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது என்று யார் எழுதிவைத்தது என்று எனக்குத் தெரியாது. வேதாகமத்தில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் போடி பஜாரில் எங்கள் சபைக் குடும்பங்கள் அத்தனைக்கும் அது மனப்பாடம். வாசலில் ஸ்டார் தொங்கக் கூடாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றிப் பலகாரம் சுடக் கூடாது. மற்றவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், நாம் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கேரல் பாட வருகிறவர்கள்கூட நம் வாசலில் ஒரு ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்ப் பாடுவார்கள்.

என் வீட்டுக்காரர் ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பாத்திரக்கடை. காலையில் கடையைத் திறந்து குத்துவிளக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் கடையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடச் சொன்னார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு நானே போய் ஷட்டரைத் தூக்கினேன்.

மேஜைக்கு அடியில், பழைய பில் புத்தகங்களுக்குப் பின்னால், துணிப்பையில் சுற்றி ஒரு கட்டு இருந்தது. பிரித்தால் கல்யாணப் பத்திரிகைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கோடு போட்டிருந்தது. முப்பத்திரண்டு பெட்டிக்கான அட்டைகள், அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு. ஆனி மாதம் வியாபாரம் மந்தமாக இருந்த மத்தியானங்களில் உட்கார்ந்து போட்டு வைத்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லாமல்.

இந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு நாங்களும் எல்லோரையும் போல எவர்சில்வர் தட்டில்தான் பலகாரம் அனுப்பிக்கொண்டிருந்தோம். வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கை சீனியாவது, இரண்டு பழமாவது வைத்துத்தான் தருவார்கள். கடைக்குப் பின்னால் சந்தில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற பெண்கள் குடியிருந்தார்கள். ஒரு வருஷம் அவர்களில் ஒருத்தி பண்டிகை முடிந்து ஒரு வாரம் என்னைக் கண்டாலே ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். தட்டை அமுக்கிக்கொண்டாள் என்று நானும் கோபமாகத்தான் இருந்தேன். திருப்பித் தரும்போது தட்டில் வைக்க அவள் வீட்டில் ஒன்றுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. இனிமேல் திருப்பித் தர வேண்டாத ஒன்றில்தான் கொடுப்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

பாத்திரக்கடைக்காரர் வீட்டிலிருந்து அட்டைப் பெட்டியா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்வீட் கடைப் பெட்டி ஒன்றை மூலைக்கு மூலை பிரித்துத் தரையில் விரித்து, எங்கே வெட்டி எங்கே மடித்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அட்டைக்கு எங்கேயும் போகவில்லை. சீர்வரிசைப் பாத்திரம் வாங்க வருகிற வீடெல்லாம் கடைக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போகும். தையிலும் வைகாசியிலும் சேர்கிற பத்திரிகைகள் ஒரு அலமாரி நிறையும். அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. தடித்த அட்டை, தங்க நிறப் பூவேலை, நாலு மூலையிலும் மஞ்சள். சாமி படங்களை மட்டும் தனியாக வெட்டி எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவேன், அவர் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஒரு பெட்டிக்கு இரண்டு பத்திரிகை. ஒன்று அடிக்கு, ஒன்று மூடிக்கு.

எங்கள் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வெட்டுவதும் மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவதும் நான். மடிப்புக் கோடு போடுவது அவர். மை தீர்ந்த பேனாவை ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுத்தால் அட்டையில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மடித்தால்தான் ஓரம் உடையாமல் வரும். மூடி மட்டும் அடியைவிட ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பாத்திரக்கடையில் வளர்ந்த மனிதருக்கு நூல் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு பெட்டியாவது இரண்டும் ஒரே அளவில் போட்டுவிடுவார். மூடி மூடாது. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"அளவு சரியாத்தான் இருக்கு. சாரல்ல அட்டை ஊதிருச்சு."

ஆனியிலும் ஆடியிலும் மலையிலிருந்து சாரல் வருவது உண்மை. அட்டை ஊதினால் அடியும் மூடியும் சேர்ந்துதானே ஊதும் என்று நான் கேட்பேன். அவர் அடுத்த அட்டையைக் கையில் எடுத்துவிடுவார். மூடாத பெட்டிகள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். ஒன்றில் பட்டன், ஒன்றில் ரப்பர் பேண்ட், ஒன்றில் மாத்திரை அட்டைகள். இருபது வருஷம் நடந்த சண்டை இது.

வேறு தப்பும் செய்திருக்கிறோம். பக்கத்து ஊரான கோம்பையில் ஒருவர் வீட்டுக்குப் போன பெட்டியின் உள்பக்கத்தில் அவர்களுடைய மகள் பெயரே இருந்தது. அந்தப் பெண் அதற்குள் மாப்பிள்ளையை விட்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பலகாரத்தை எடுக்க எடுக்க அடியிலிருந்து மணமகன், மணமகள் என்று எழுத்து வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியையும் எந்த வீட்டுக்கு என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒட்டுவோம்.

அவர் கோடு போட்டு வைத்த கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன். கார்த்திகை கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தபோது அவருடைய அக்கா வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தம்பி இறந்ததிலிருந்து வாரம் தவறாமல் வந்து என்னைக் கவனித்துக்கொண்டவர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தரையில் கிடந்ததைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னாத்தா இது? இந்த வருஷமுமா?"

"ஆமா மதினி."

"புருசன் செத்த வீட்ல கல்யாணப் பத்திரிகைய வெட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க. பாக்குறவுக என்ன பேசுவாக?"

"என்ன பேசுனாலும் பேசட்டும். கோடு போட்டது உங்க தம்பி. அவுக போட்டு வச்சத நான் பழைய பேப்பர்காரனுக்கா போட?"

"அடுத்த வருசம் செய்யி. அட்டை எங்கயும் ஓடிப் போகாது."

"மதினி, அவுக எந்த வருசத்துக்குப் போட்டாகளோ அந்த வருசம் செய்றேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "இந்த வீட்டுப் பண்டத்த இந்த வருசம் ஒருத்தரும் தொடமாட்டாக, நானும் தொடமாட்டேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒன்பது பெட்டிகளை ஒட்டி முடித்தேன்.

அழுதுகொண்டே செய்தேன் என்று நினைக்க வேண்டாம். மடிப்பில் அட்டை ஒடிந்த சத்தம் கேட்டால் திட்டினேன், சரியாக மடங்கினால் சந்தோஷப்பட்டேன். அவர் பேனாவை அழுத்தி இழுத்த பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டேதான் மடித்தேன், அதையும் மறைக்கவில்லை. முப்பத்தொரு பெட்டி சரியாக மூடியது. முப்பத்திரண்டாவது மூடவில்லை. அடியும் மூடியும் நாலு பக்கமும் ஒரே அளவு. "பாருங்க, மறுபடியும்" என்று வாய்விட்டே சொன்னேன். அதை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன்.

வாழ்த்து அட்டையும் நானே செய்வதுதான். பனி பெய்கிற படமெல்லாம் எங்களுக்கு வேண்டாம். பச்சைப் பத்திரிகையை வெட்டி எங்கள் மேற்கு மலையின் ஏற்ற இறக்கம், தங்கத் தாளை வெட்டி அதற்கு மேல் ஒரு நட்சத்திரம். கீழே எங்கள் இரண்டு பேர் பெயர். பெங்களூரிலிருந்து மகன் போன் செய்து, அப்பா பெயரைப் போடுவதாக இருந்தால் முன்னால் மறைந்த என்று சேர்த்துவிடச் சொன்னான். யார் மறைந்தது, பெட்டியில் இருபது இடத்தில் அவர் கை தெரிகிறது என்றேன். எப்போதும் போல அவர் பெயரை முதலில் எழுதி, என் பெயரை அடுத்து எழுதினேன்.

பிறகு எண்ணெய்ச் சட்டியை ஏற்றினேன். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கலகலா. பாகில் ஏலக்காயைத் தட்டிப் போட்ட வாசம் தெருவுக்கே போயிருக்கும். போகட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் இரண்டு கட்டைப் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் எதிர்வீட்டு அக்கா. அவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட சாத்திரம் எங்களைவிடக் கூடுதல். வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே போட்ட கோடா?" என்றார்.

"ஆமாக்கா. ஆனியிலயே போட்டு வச்சிட்டாக."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். பூஜை அறைப் பக்கம் கொண்டுபோகவில்லை, சமையலறை அலமாரியில் வைத்தார். அவருக்கு அவ்வளவுதான் முடிந்தது. எனக்கு அது போதும்.

எல்லோரும் அப்படி இல்லை. பஜாரில் எங்கள் கடைக்கு நாலாவது கடை, ஜவுளிக்காரர். நல்ல மனிதர், இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை நடந்து வந்தவர். கையை நீட்டவே இல்லை.

"தப்பா நெனைக்காதீகம்மா. வீட்ல பொண்ணுக்கு எடம் பாத்துக்கிட்டிருக்கோம். ஒரு வருசம் போகட்டும்."

"சரிங்கண்ணே. அடுத்த வருசம் கண்டிப்பாக் கொண்டாறேன். ஆனா அது நான் கோடு போட்ட பெட்டியா இருக்கும். அவுக போட்டது இதோட சரி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் வாங்கவில்லை. நான் பையில் திரும்ப வைத்துக்கொண்டு ஐந்தாவது கடைக்குப் போனேன். மொத்தத்தில் மூன்று பெட்டிகள் பையிலேயே தங்கிவிட்டன. சந்தில் குடியிருக்கிற பெண்கள் மட்டும் ஒருத்தி விடாமல் வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சிய மூன்றையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். மதினி வீட்டுக்குப் போகவில்லை. தொடமாட்டேன் என்று சொன்னவரிடம் நீட்டி, வேண்டாம் என்ற சொல்லைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் அவரே வந்தார். ஆராதனையில் தூரமாக உட்கார்ந்திருந்தவர், இப்போது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி குடித்தார். பலகாரத் தட்டை நீட்டினேன், தலையை ஆட்டி மறுத்தார். அவர் கண் ஜன்னல் மேடைக்குப் போய்ப் போய் வந்தது. கடைசியில் எழுந்து போய், மூடாத அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடிப்பு ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினார். நாலு பக்கமும் ஓட்டினார்.

"இத நான் எடுத்துக்கிறவா?"

கொடுத்துவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய தம்பிதானே. அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் என்னால் முடியவில்லை.

"வெறும் பெட்டி குடுக்கிறதில்ல மதினி. எடுத்தா பண்டத்தோட எடுங்க."

என்னை முறைத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. அவர் பெட்டியை என் பக்கம் நீட்டினார். நான் எண்ணெய்த்தாள் விரித்து, நாலு முந்திரிக்கொத்து, ஒரு கை கலகலா, உடையாத அச்சுமுறுக்காகப் பார்த்து இரண்டு வைத்தேன். எங்கள் இரண்டு பேர் பெயர் எழுதிய அட்டையையும் மேலே வைத்துக் கொடுத்தேன்.

அவர் மூடியை எடுத்து வைத்து அமுக்கினார். உட்காரவில்லை. திருப்பி வைத்தார். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் தூக்கியது.

"ஒரு நூல் விடணும் மதினி. உங்க தம்பி விடல."

"அவென் சரியாத்தேன் போட்டிருப்பான்" என்றார், என்னைப் பார்க்காமல். "சாரல்ல அட்டை ஊதியிருக்கும்."

யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்போதும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"ஊதுனா ரெண்டுந்தான மதினி ஊதும்?" என்றேன்.

அவர் மூடியைச் சரித்து வைத்து, முந்தானையால் சுற்றி, பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். வருஷா வருஷம் எங்கள் வீட்டில் நடக்கிற சண்டை அந்த வருஷமும் நடந்தது.