ரிவர்ஸ் கியர் ஆட்டம்

மகள் செஸ் வகுப்பிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். ‘உன் ஆட்டப் பாணி எது?’ என்று கேட்டு, கீழே இரண்டு கட்டம். தாக்கி ஆடுபவர், காத்து ஆடுபவர். “அப்பா, எதுல டிக் போட?” என்றாள். அவளுக்கென்ன, பேனாவும் தாளும் போதும். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள ஒரு வேனையும் இரண்டு உயிரையும் பள்ளத்தில் விடப் பார்த்தவன் நான். “யோசிச்சுப் போடு” என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிப்பதைத் தொடர்ந்தேன். எங்கள் வீட்டில் அது என் இலாகா.

விரலில் பூண்டு வாசம் ஏறினால் எனக்கு அந்த வேன் ஞாபகம்தான். இருபது வருஷத்துக்கு முன் மேல்மலைக் கிராமங்களிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி, மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். சட்டையைத் துவைத்தாலும் வாசம் போகாது. மலைமேல் நாயுடுபுரத்தில் என்னோடு அறையில் தங்கியிருந்த முருகேசன், “பக்கத்துல படுத்தா ஊறுகா சாடிக்குள்ள கெடக்குற மாதிரி இருக்குலே” என்பான். அவன் ஆடலூர்க்காரன், டூரிஸ்ட் வேன் டிரைவர்.

மழைக்காலத்தில் டூரிஸ்டுகள் வரமாட்டார்கள். வேன் ஸ்டாண்டில் செஸ்தான் பொழுதுபோக்கு. முருகேசன் ஆட்டம் அடிதடி. பத்து நகர்த்தலுக்குள் அவன் ராணி என் வீட்டு வாசலில் நிற்கும். எனக்கோ, எதிராளி ஒரு சிப்பாயை நீட்டினாலே குதிரை வந்த வழியே திரும்பிவிடும். ராணியைக் குளிரில் வெளியே அனுப்ப மனசு வராது. சுற்றி நின்றவர்கள் எனக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில்கூட “ரிவர்சுக்கு ஒரு டீ” என்றுதான் சொல்வார்கள். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் நான் கோழைதானோ என்ற சந்தேகம் அரித்தது.

“அடிச்சு ஆடுலே, பயந்து சாகாத” என்பான் முருகேசன். சரி, அவனைப் போலவே ஆடுவோம் என்று இறங்கினேன். ஒரு மாதம் குதிரையையும் யானையையும் வாரி இறைத்தேன். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். சூடு போர்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

ஒருநாள் வெள்ளனே லோடோடு கீழே இறங்கினேன். வத்தலக்குண்டில் ஏதோ சோலி என்று முருகேசனும் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நல்ல பனிமூட்டம். ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே பஸ் ஹாரன் கேட்டது. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். எனக்கு அது தெரியாதா? பக்கத்தில் இருப்பவன் என் தைரியத்தைப் பார்க்கட்டும் என்று வளைவுக்குள் விட்டேன்.

பஸ் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்து நின்றபோது நடுவில் ஒரு முழம் இடம்கூட இல்லை. இடப்பக்கம் பள்ளம். முழு லோடோடு, மேட்டில், அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். கை தன் வேலையைச் சரியாகச் செய்தது. பஸ் போய்விட்டது. வத்தலக்குண்டு வரை முருகேசன் ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் அவ்வளவு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே ஸ்டாண்டுக்கு வந்து என் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினேன். முருகேசன் பாய்ந்தான், நான் ஒதுங்கினேன். மறுபடி பாய்ந்தான், மறுபடி ஒதுங்கினேன். கடைசியில் பாய அவனிடம் ஆள் இல்லை. என் இரண்டு சிப்பாய்கள் மெதுவாக நடந்துபோய் ஜெயித்தன. அன்று நான் தூங்கின தூக்கம்தான் தூக்கம்.

இப்போது அந்த ஸ்டாண்டு இல்லை. அறை இருந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். வேனை விற்றாயிற்று. மழை நாளில் போர்டைச் சுற்றி நின்று யோசனை சொல்ல இன்று யாருக்கும் நேரமில்லை. போன மாதம் ஆடலூரிலிருந்து முருகேசன் போன் பண்ணினான். மிளகு, காப்பி விலையெல்லாம் பேசிவிட்டுத் திடீரென்று சொன்னான்:

“ஏலே, அன்னைக்கு வத்தலக்குண்டு வர நான் பேசாம வந்தேன்ல? கோவத்துல இல்லலே. பயத்துல நாக்கே எந்திரிக்கல. போர்டுலயும் அதே கததான். அடுத்தவன் என்ன செய்வானோன்னு உக்காந்திருக்க எனக்குத் தைரியம் பத்தாது. அதான் மொதல்லயே பாஞ்சுருவேன். நீ எப்பிடித்தான் காத்துக் கெடந்தியோ.”

யாரைப் போல ஆக வேண்டும் என்று நான் துடித்தேனோ, அவன் என்னைப் பார்த்து ஏங்கியிருக்கிறான். ஸ்டாண்டு போனதிலும் அறை போனதிலும் எனக்கு வருத்தம் உண்டு. கோழைதானோ என்ற அந்தச் சந்தேகம் போனதில் மட்டும் துளியும் வருத்தமில்லை.