ஏழு மணிக்குக் களைத்த செலினியம்

என் ஆராய்ச்சி நூலின் ஐந்தாம் அத்தியாயம் தவறு. தவறென்று தெரிந்தே அதற்கு டாக்டர் பட்டம் வாங்கினேன். சொல்லிவிட்டேன்!

சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன்... ஆகவில்லை. முழுக்கக் கேளுங்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நானே பல தடவை சிரித்திருக்கிறேன்.

அப்போது மைசூரில் பௌதிக ஆராய்ச்சி மாணவன் நான். கொள்ளேகாலில் பட்டுத்தறி வைத்திருந்த எங்கள் வீட்டாருக்கு டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர்தான். ஊருக்குப் போனால் போதும், மூட்டுவலிக்கு மருந்து கேட்டு ஒரு கூட்டமே வந்துவிடும். ஆனாலும் எத்தனை ஆனந்தமான நாள்கள் அவை! காலையில் சோதனைச்சாலைக் கதவைத் திறக்கும்போதே பாட்டு வந்துவிடும் எனக்கு.

செலினியம் என்றொரு பொருள். ஒளி பட்டால் மின்சாரத்தை நன்றாக விடும், இருட்டில் தடுக்கும். இடைவிடாமல் ஒளி காட்டினால் அது களைக்குமா? இதுதான் என் கேள்வி.

தசரா விடுமுறை வந்தது. என் விளக்குக்கு மின்சாரம் தந்த பாட்டரி அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு அதன் பொறுப்பாளர் ஊருக்குப் போய்விட்டார். காத்திருக்கிற ஆளா நான்? விளக்கைச் சுவரில் வந்த ஊர் மின்சாரத்திலேயே மாட்டினேன். சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினேன். நண்பகலில் விளக்கை ஏற்றிக் கருவியின் முன் உட்கார்ந்தேன்.

மாலை ஏழு மணிக்குச் செலினியத்தின் மின்னோட்டம் சட்டென்று இறங்கியது!

மறுநாளும் அப்படியே. ஒன்பது நாளும் அப்படியே! ஏழு மணி நேரம் ஒளி பட்டால் செலினியம் களைத்துவிடுகிறது... உலகில் எனக்கு மட்டுமே தெரிந்த உண்மை! அந்த அறையில் தனியாக நான் ஆடிய ஆட்டத்தை நல்லவேளை எவரும் பார்க்கவில்லை.

தசராவுக்குப் பின் மீண்டும் செய்து பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். பாட்டரி விளக்கில் அது களைக்கவில்லை. 'பொருள் ஒளிக்குப் பழகிவிட்டது' என்று அதற்கும் ஒரு பத்தி எழுதினேன்! ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வேறென்ன சொல்ல?

நூலைக் கொடுத்தாயிற்று. அடுத்த தசராவும் வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு மாலை வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மரகதம் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க! ஏழாயிடுச்சு, அரமனைல தசரா வெளக்குப் போட்டுட்டாங்க. நம்மூட்டு பல்பு எப்படி மங்கிப்போச்சு பாருங்க!"

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"போன தசராவுலயும் பாத்தனுங்களே. அத்தன வெளக்கு அங்க குடிச்சா நமக்கு என்ன மிஞ்சும்? நீங்கதான் அந்த இருட்டு ரூமே கதின்னு கெடந்தீங்க."

தலையில் இடி விழுந்தது என்று எழுதத்தான் ஆசை. இல்லை! விழுந்து விழுந்து சிரித்தேன். புதிர் அவிழ்ந்த மகிழ்ச்சி... செலினியம் களைக்கவே இல்லை. என் விளக்குத்தான் மங்கியிருக்கிறது! மறுநாள் மாலை சோதனைச்சாலைக்கு ஓடி மின்னழுத்தத்தை அளந்தேன். ஏழு மணிக்கு முள் இறங்கியது. மரகதம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அன்றே பேராசிரியரிடம் போயிருக்க வேண்டும். போனேனா? அத்தியாயம் போனால் பட்டம் போகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

தேர்வாளர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் வானளாவப் புகழ்ந்தார்கள். ஊர் முழுக்க மைசூர்பாகு கொடுத்தோம். பட்டமளிப்பு அங்கியில் என்னைப் பார்த்து மரகதம், "பூசாரியாட்ட இருக்கீங்க" என்று சிரித்தாள். அன்றைய சந்தோஷம் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என் வெட்கம்!

பிறகு சேலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வையாபுரி என்பவர், கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே என் முடிவை மேலே கொண்டுபோக முயன்றவர். தம் செலினியம் களைக்க மாட்டேன் என்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தார். 'உங்கள் செலினியம் தூய்மையானதன்று' என்று பதில் போட்டேன். ஐயோ, எவ்வளவு திமிர்! அவர் மறுபடி காய்ச்சினார், மறுபடி எழுதினார். 'இன்னும் பொறுமை தேவை' என்றேன். நாலு வருஷம்... பதினொரு கடிதங்கள்.

ஒருநாள் அவரே நேரில் வந்தார். சிரித்த முகம்.

"விட்டுட்டேனுங்க சார். நமக்கு ஆராய்ச்சி எல்லாம் வராதுங்க. தாலுகா ஆபீசுல வேலை கெடச்சிருச்சு. இது நான் கடைசியாப் பண்ணுன செலினியம் செல்லு. உங்ககிட்டப் படிக்கற பசங்களுக்காவது ஆகட்டுமுங்க."

அப்போதாவது சொன்னேனா? காப்பி கொடுத்தேன். ரயிலடி வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்து அவருடைய செல்லைப் பாட்டரி விளக்கின் முன் வைத்தேன். ஏழு மணி நேரம், பத்து மணி நேரம், மறுநாள் காலை வரை... மின்னோட்டம் இம்மியும் அசையவில்லை. அவ்வளவு சுத்தமான வேலையை என் கை ஒருநாளும் செய்ததில்லை.

அவர் விலாசம் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.