லெஸ்லியின் பைல் கேட்ட கேள்வி

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சமாட்டேன். அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1999ஆம் ஆண்டு. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன நிவாரண அலுவலகத்தில் எனக்கு டைப் செய்யும் வேலை. காணாமல் போனவர்களின் விபரங்களை ஆளுக்கொரு பைலாக ஏற்றிவைக்க வேண்டும். செவ்வாய் தவறாமல் இன்பமலர் வருவாள். மனையாவெளியில் இருந்து கடலுக்குப் போன அவளின் புருசன் லெஸ்லி இரண்டு வருசமாகத் திரும்பவில்லை. மேசைக்கு எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு கேட்பாள்.

"கிறிஸ்டின் அக்கா, ஏதும் தகவல் வந்ததே?"

பைலைத் திறந்து பார்ப்பேன். "இல்லையம்மா." மூடுவேன்.

யூலை 6, காலை 10.40. மூடும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. செய்த மாற்றங்களைச் சேவ் பண்ணவா? ஆம், இல்லை.

நான் ஒரு எழுத்தும் தொடவில்லை. பொறுப்பாளர் அருளம்பலம் ஐயா, தான் பார்த்து ஒப்பமிட்ட பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் கத்துவார். 'இல்லை' என்று அழுத்தினேன்.

13ஆம் திகதி, 10.40. அதே பெட்டி. வேறு எந்தப் பைலும் அப்படிக் கேட்கவில்லை. 20ஆம் திகதியும் கேட்டது. அடுத்த நாள் கொம்பியூட்டர் திருத்தும் றஊப்பைக் கூப்பிட்டேன்.

"மிஸ், இதில திகதி தானா மாறுற மாதிரிப் போட்டிருக்கு. திறந்த உடனே இண்டைய திகதி வந்திரும். நீங்கதான் மாத்தினீங்க எண்டு அது நினைக்குது."

அதை அழித்துவிட்டுத் திகதியைக் கையால் அடித்தான். திறந்தான், மூடினான். பெட்டி வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

27ஆம் திகதி இன்பமலர் வந்து இருந்தாள். மூடினேன்.

பெட்டி வந்தது.

பழைய பைலை விட்டுவிட்டு, காகிதத்தைப் பார்த்துப் புதிதாக ஒரு பைல் அடித்தேன். ஓகஸ்ட் 3. அதுவும் கேட்டது. ஐந்தாவது முறையாக 'இல்லை'.

ஓகஸ்ட் 10. காலை 10.40.

பெட்டி.

இன்பமலர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திரை தெரியாது.

'ஆம்' என்று அழுத்தினேன்.

கிர்... கிர்... கிர்...

ஒரு பக்கப் பைல். சேவ் ஆக இரண்டு நிமிசம் எடுத்தது.

திறந்தேன்.

கடைசியில் ஒரு புது வரி. எங்கள் படிவத்தில் இல்லாத வரி.

'இப்ப இருக்கிற இடம்: வெருகல் ஆத்தங்கரை. ரெண்டு புளியமரம். மண் வீடு.'

அதற்குக் கீழே...

'தண்ணி விடாய்க்குது.'

பெட்டி வந்து கேட்டதைச் சொல்லி, இன்பமலரிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. எழும்பி நேரே தங்கள் கோவில் பாதரிடம் ஓடினாள்.

அந்தப் பக்கம் போக ஆமியின் அனுமதி கிடைக்கப் பத்து நாள் போனது. 20ஆம் திகதி பாதரும் இன்னும் நாலு பேரும் போனார்கள். இரண்டு புளியமரம் இருந்தது. மண் வீடு இருந்தது. கதவு வெளியில் பூட்டியிருந்தது. உள்ளே லெஸ்லியின் உடல். யார் பூட்டியது, ஏன் பூட்டியது... இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்தப் பைல் ஒன்றும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் இன்பமலர் வந்தாள். செவ்வாய்க்கிழமை. கதிரையில் இருக்கவில்லை.

"அக்கா, டொக்டர் சொல்லுறார், செத்துப் பத்து நாளுக்கு மேல இராதாம். பானையில இருந்த தண்ணி முடியுமட்டும், ஒரு மாதமா அதுக்குள்ள உயிரோட கிடந்திருக்கிறாராம்."

"அந்தப் பைல்... முதல்முதல் எப்ப கேட்டது?"

"வாசிச்சுக் காட்டின அண்டைக்குத்தான் அம்மா," என்றேன்.